பழைய கூட்டில் புதுத் தோட்டா: .300 பிளாக்கவுட் பற்றி மூலக்கடைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை மூலக்கடைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், துப்பாக்கி சுடும் கிளப்பிலும் உறுப்பினர். சித்தி மகன் ஒருவன் டெக்சாஸில் இருக்கிறான், அவனுக்குத் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிச் சுடுவது பொழுதுபோக்கு. இந்த மூன்றும் தெரிந்துவிட்டதால், யூட்யூபில் எவனோ பழைய பித்தளைக் கூட்டை அறுத்துப் புதுத் தோட்டா செய்வதைப் பார்த்த பையன்கள் எல்லாரும் நேராக என்னிடம்தான் வருகிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிப் போடுகிறேன். வெடிமருந்து எத்தனை கிரெயின் (தோட்டா வேலையில் புழங்கும் குட்டி எடையளவு) போடுவது என்ற கணக்கு மட்டும் இதில் இருக்காது. ஏன் என்பது கீழே வரும்.

.300 பிளாக்கவுட் என்பது துப்பாக்கியா, தோட்டாவா?

தோட்டா. பித்தளைக் கூடு, அதற்குள் மருந்து, அடியில் நெருப்பு தரும் பிரைமர், வாயில் பறந்து போகும் குண்டு, எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. முழுப் பெயர் .300 ஏஏசி பிளாக்கவுட். அமெரிக்காவில் அட்வான்ஸ்டு ஆர்மமென்ட் கார்ப்பரேஷன் என்ற சைலன்சர் கம்பெனி ரெமிங்டனோடு சேர்ந்து உருவாக்கியது, அங்குள்ள தோட்டா அளவுகளை நிர்ணயிக்கும் சாமி (SAAMI) என்ற அமைப்பு 2011 ஜனவரியில் ஏற்றுக்கொண்டது. யோசனை புதிதல்ல. ஜே. டி. ஜோன்ஸ் என்பவர் 1990களின் தொடக்கத்திலேயே .221 ஃபயர்பால் என்ற சின்னக் கூட்டின் கழுத்தை விரித்து .300 விஸ்பர் என்று ஒன்றைச் செய்திருந்தார். அதைத்தான் இவர்கள் ஒழுங்கான அளவுக்குள் கொண்டுவந்து, கடையில் வாங்கும் சரக்காக ஆக்கினார்கள்.

பழைய கூட்டிலிருந்து செய்கிறார்கள் என்றால், எந்தக் கூடு?

.223 ரெமிங்டன், அல்லது அதன் ராணுவப் பங்காளியான 5.56. அமெரிக்காவில் ஏஆர்-15 ரைஃபிள் வைத்திருப்பவர்கள் சுடுவது பெரும்பாலும் இதுதான். சுடுமிடங்களில் வெறும் கூடு தரையில் குவியலாகக் கிடக்கும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் அளவுதான். .223 கூட்டின் நீளம் 44.7 மில்லிமீட்டர். பிளாக்கவுட் கூடு 34.7. ஏறக்குறையச் சரியாக 10 மி.மீ. குறைவு. அடிப்பாகத்தின் விட்டம் இரண்டுக்கும் 9.6 மி.மீ.தான், ஒரு மாற்றமும் இல்லை. குண்டு பொருத்திய பிறகு முழுத் தோட்டாவின் அதிகபட்ச நீளமும் இரண்டுக்கும் ஒன்றே, 57.4 மி.மீ. ஆகவே தோட்டாவைப் பின்னாலிருந்து மூடும் அதே போல்ட், தோட்டா அடுக்கும் அதே மேகசின், மேகசினில் அதே எண்ணிக்கை. பேரலை, அதாவது குழலை மட்டும் மாற்றினால் போதும். குண்டு மட்டும் வேறு: .223-இல் 5.7 மி.மீ. விட்டம், இதில் 7.8. கூட்டைக் குட்டையாக்கியதால் மிச்சமான இடத்தைக் கனமான, நீளமான குண்டு எடுத்துக்கொள்கிறது. யாரோ உட்கார்ந்து வெர்னியரை வைத்து நிதானமாக யோசித்திருக்கிறார்கள்.

புதுக் கூடு கடையில் கிடைக்காதா? எதற்கு இந்த அறுப்பு வேலை?

கிடைக்கும். விலை கூடுதல், அவ்வளவுதான். தரையில் கிடப்பதைப் பொறுக்கிச் செய்தால் காசு மிச்சம் என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் பிரஸ், டை (கூட்டை அழுத்தி வடிவாக்கும் அச்சு), டிரிம்மர், கேஜ், தராசு என்று வாங்கி அந்த மிச்சத்தை எல்லாம் கருவியில் போட்டுவிடுவார்கள். என் சித்தி மகன் கணக்குப் போடுவதையே நிறுத்திவிட்டான். உண்மையான காரணம் கைவேலை மீதுள்ள ஆசை. பட்டறை வைத்திருப்பவனுக்கு அது தெரியும்.

வேலை எப்படி நடக்கிறது? நம்ம லேத்தில் ஒன்று செய்து காட்டுங்கள் அண்ணா.

செய்து காட்ட மாட்டேன் தம்பி. நம் ஊர்ச் சட்டப்படி அது சும்மா கடைந்து காட்டும் வேலை இல்லை. அங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறேன்.

கூட்டைக் கழுவிச் சுட்டுப்போன பிரைமரை வெளியே தள்ளுகிறார்கள். 2 அங்குல பிளேடு வைத்த குட்டி கட்-ஆஃப் மிஷினில், கூட்டைப் பிடித்து நிறுத்தும் ஒரு ஜிக்கில் வைத்து, கழுத்துக்கு அடியில் சரியும் தோளுக்குக் கீழே அறுக்கிறார்கள். கழுத்தும் தோளும் போய், வெறும் குழாயும் அடியும் மட்டும் மிஞ்சும். பிறகு லூப்ரிகன்ட் தடவி டைக்குள் அழுத்தினால் புதுத் தோளும் புதுக் கழுத்தும் ஒரே அமுக்கில் உருவாகிவிடும். லூப்ரிகன்ட் போட மறந்தால் கூடு டைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், அதை எடுப்பதற்குள் அன்றைய ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். அழுத்திய பின் டிரிம்மரில் வைத்துச் சரியான நீளத்துக்குச் சீவி, விளிம்பில் உள்ளும் வெளியும் பிசிறு எடுத்து, கேஜில் போட்டுப் பார்க்கிறார்கள். கேஜுக்குள் மட்டமாக உட்கார்ந்தால் சரி, நகம் தட்டும் அளவுக்குத் தூக்கி நின்றால் மறுபடியும் டை.

வீடியோவில் எல்லாம் பத்து நிமிஷத்தில் முடியும் வேலை மாதிரி காட்டுகிறான். ஒரு கூட்டுக்கு அது சரி. ஒரு வாளிக் கூட்டுக்கு முதுகு போய்விடும்.

எல்லா .223 கூடும் இதற்கு ஒத்துவருமா?

வராது. வீடியோக்காரர்கள் ஓடிக் கடந்துவிடும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கூட்டின் சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் இல்லை. வாய்ப் பக்கம் மெலிசு, அடிக்கு வர வரக் கனம். பழைய கழுத்தை அறுத்து எறிந்துவிட்டு, உடம்பாக இருந்த இடத்தைப் புதுக் கழுத்தாக்குகிறோம், அதனால் புதுக் கழுத்து பழையதைவிடத் தடிப்பாக வரும். எவ்வளவு தடிப்பு என்பது எந்தத் தொழிற்சாலையில் செய்த கூடு என்பதைப் பொறுத்தது. குண்டு பொருத்திய பிறகு கழுத்தின் வெளி விட்டம் 8.48 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. குண்டு 7.82. கழித்துப் பாதியாக்கினால் ஒரு பக்கச் சுவருக்கு 0.33 மி.மீ., அவ்வளவுதான் இடம். அதைத் தாண்டினால் தோட்டா சேம்பருக்குள், அதாவது துப்பாக்கியில் அது உட்காரும் அறைக்குள் போகாது. அதைவிட மோசம், தள்ளினால் போய்விடும். அப்போது சுடும் நேரத்தில் கழுத்து விரிந்து குண்டை விடுவதற்கு இடம் இருக்காது, உள்ளே அழுத்தம் ஏறும்.

அதனால்தான் அங்கே எந்த முத்திரை உள்ள கூடு மெலிசு, எது தடிப்பு என்று பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள். மிசூரியில் உள்ள லேக் சிட்டி ராணுவத் தோட்டாத் தொழிற்சாலையின் கூடு இந்த வேலைக்குப் பெயர் போனது. அடியில் எல்.சி. என்ற எழுத்தும் வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கமும் இருக்கும். ராணுவக் கூட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு: பிரைமர் கழன்று வராமல் இருக்க அதன் விளிம்பைச் சுற்றி நசுக்கி விட்டிருப்பார்கள், அந்த நசுக்கலைச் சீவி எடுக்காமல் புதுப் பிரைமர் உட்காராது.

பித்தளையைத் தீயில் காட்டுகிறார்களே, அது எதற்கு?

தோட்டாக் கூட்டுப் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். வளைத்து வளைத்து அழுத்தினால் இறுகிவிடும், இறுகினால் விரிசல் விடும். கழுத்தை மட்டும் சில நொடி சூடேற்றினால் மறுபடி இளகும். அனீலிங் என்று பட்டறையில் சொல்வோமே, அதேதான். அடிப்பாகத்துக்கு மட்டும் சூடு போகவே கூடாது. சுடும்போது 55,000 பி.எஸ்.ஐ. வரை அழுத்தம் வரும், கார் டயரில் நீங்கள் அடிக்கும் காற்று 32. அதைத் தாங்கிப் பிடிப்பது இறுக்கமான அந்த அடிதான், அதை இளக்கினால் கதை முடிந்தது.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு, நம் நாட்டில் நடந்தது. வெள்ளைக்காரப் பட்டாளம் இங்கே இருந்த காலத்தில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்கள் யாரும் தொடாமலேயே விரிசல் விட்டன. பருவமழையோடு வந்ததால் அதற்குப் பருவ விரிசல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காரணம் புரிய ரொம்ப நாளானது. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று பேர் தெளிவாகச் சொன்னார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா, காற்றின் ஈரம், அழுத்தி இழுத்துச் செய்தபோது பித்தளைக்குள் தங்கிப்போன இறுக்கம், இவை மூன்றும் சேர்ந்தால் விரிசல். மிதமான சூட்டில் அந்த இறுக்கத்தைத் தளர்த்தினால் பிரச்சினை தீர்ந்தது.

நம் ஏரியாக்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். காசிமேட்டில் ஐஸ் கம்பெனிக்குள் போயிருந்தால் பாருங்கள், அம்மோனியா ஓடும் லைனில் ஒரு பித்தளை வால்வு இருக்காது, எல்லாம் இரும்பு. செம்பும் பித்தளையும் அம்மோனியாவுக்கு ஆகாது. 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாய் கசிந்து ராத்திரியில் ஊரே மூச்சுத் திணறி ஓடியதே, அதே சாமான்தான்.

குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கலாமா?

சிரிக்காதீர்கள், நல்ல கேள்வி. அமெரிக்காக்காரனும் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் போட்ட தண்ணீரில்தான் பலமுறை கழுவுகிறான். ரொம்ப நேரம் ஊறினால் துத்தநாகம் கரைந்து வெளியேறி, பித்தளை ரோஸ் நிறத்தில் திட்டுத் திட்டாக நிற்கும். புளியில் ஊறிப்போன விளக்கில் பார்த்திருப்பீர்கள். விளக்குக்குப் பரவாயில்லை, கூட்டுக்கு அது பலவீனம். அம்மோனியா கலந்த பாலிஷ் பக்கம் போகவே கூடாது, காரணம் மேலே சொன்னதுதான். பெரும்பாலானவர்கள் மக்காச்சோளச் சக்கையையோ வால்நட் ஓட்டுத் தூளையோ டிரம்மில் போட்டுக் கூட்டோடு சேர்த்து உருட்டி எடுக்கிறார்கள். அந்தத் தூசியில் பிரைமரிலிருந்து வந்த ஈயம் இருக்கும், வீட்டுக்குள் உருட்டுகிறவன் முட்டாள்.

பிரைமர் என்றால் கேப்தானே?

ஆமாம், அடியில் இருக்கும் சின்னக் கிண்ணம், ஊசி குத்தியதும் நெருப்பு தருவது. இரண்டு வகை. பாக்ஸர் வகைக்கு நடுவில் ஒரே துளை, உள்ளேயிருந்து ஒரு கம்பியை விட்டுத் தள்ளினால் பழைய பிரைமர் விழுந்துவிடும். பெர்டான் வகைக்கு ஓரமாக இரண்டு சின்னத் துளை, தள்ள முடியாது, அதனால் மறுபடி நிரப்புகிறவர்கள் அதைத் தொடுவதில்லை. வேடிக்கை என்னவென்றால் பாக்ஸர் இங்கிலாந்துக்காரர், அவர் வகையைப் பிடித்துக்கொண்டது அமெரிக்கா. பெர்டான் அமெரிக்கர், அவருடையது ஐரோப்பாவுக்குப் போய்விட்டது.

சரி, மருந்து எவ்வளவு?

சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேனே. அளவு என்பது குண்டின் எடை, மருந்தின் பெயர், கூட்டின் உள்ளளவு, பிரைமர் என எல்லாவற்றோடும் சேர்ந்தது. உரிமம் உள்ள நாட்டுக்காரன் மருந்துக் கம்பெனி அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்துப் போடுவான். வாட்ஸ்அப்பில் வந்ததையும், என்னைப் போல ஒருவன் எழுதியதையும் பார்த்துப் போட மாட்டான்.

பொதுவாகத் தெரிந்துகொள்ள ஒன்று சொல்கிறேன். கூடு குட்டை, குண்டு அகலம், ஆகவே வேகமாக எரியும் மருந்துதான் இதற்குப் பொருத்தம். .223-க்குப் போடும் மெதுவான ரைஃபிள் மருந்து முழுசாக எரிவதற்குள் குண்டு வெளியே போய்விடும். இதில் ஒரு பொறி இருக்கிறது. சத்தம் குறைய மெதுவாகப் போகும் வகைக் குண்டுக்கு (அதைப் பற்றிக் கீழே வரும்) போடும் அளவு கூட்டை நிரப்பாது, கவனம் சிதறி இரண்டு தடவை போட்டாலும் வழியாமல் உள்ளே இருக்க வாய்ப்புண்டு. அது வெடித்தால் ரைஃபிளும் போகும், முகமும் போகும். நேர்மாறான ஆபத்தும் உண்டு. மருந்தே போடாமல் விட்டால் பிரைமர் மட்டும் வெடித்து, குண்டு பேரலின் நடுவில் மாட்டிக்கொள்ளும், பொட்டென்று ஒரு சப்தம், அதிர்வே இருக்காது. அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் பேரல் பிளக்கும். அதனால்தான் என் சித்தி மகன் நிரப்பும்போது போனை வேறு அறையில் வைத்துவிடுவான். ஐம்பது கூட்டையும் கட்டையில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்த பிறகுதான் குண்டை வைப்பான். பேசினால் அடிக்க வருவான்.

எல்லாம் .223 போலவே இருக்கிறதே, மாறிப் போட்டுவிட்டால்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரே போல்ட், ஒரே மேகசின் என்று மேலே புகழ்ந்தேன் அல்லவா, அதே வசதிதான் ஆபத்து. பிளாக்கவுட் தோட்டா .223 ரைஃபிளின் மேகசினுக்குள் தாராளமாகப் போகும், சேம்பருக்குள்ளும் ஏறும். குண்டின் வடிவத்தைப் பொறுத்துச் சில சமயம் போல்ட் முழுசாக மூடியும் விடும். எதிரே இருப்பது 5.6 மி.மீ. துளை, வருவது 7.8 மி.மீ. குண்டு. டிரிக்கரை இழுத்தால் துப்பாக்கி வெடித்துச் சிதறும். இது அங்கே திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. நேர்மாறாக .223-ஐப் பிளாக்கவுட் சேம்பரில் போட்டால் தோள் முட்டி நிற்கும், போல்ட் மூடாது, அந்தப் பக்கம் கவலை இல்லை.

வீட்டில் செய்த கூட்டில் இது இன்னும் மோசம். கடையில் வாங்கிய கூட்டின் அடியில் 300 என்று ஏதாவது எழுதியிருக்கும். அறுத்துச் செய்த கூட்டின் அடியில் பழைய முத்திரையே இருக்கும், 223 ரெம் என்றோ, வட்டத்துக்குள் சிலுவை போட்ட நேட்டோ குறி என்றோ. அதாவது அடியைப் பார்த்துப் படித்தால் பொய் சொல்லும். அதனால் மேகசினுக்கு வேறு கலர் வைப்பது, பெயர் எழுதிய பட்டை சுற்றுவது, இரண்டு வகைத் தோட்டாவையும் ஒரே நாளில் ஒரே மேஜைக்குக் கொண்டுவராமல் இருப்பது என்று ஆளாளுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். எனக்குக் கேட்டால் கடைசியாகச் சொன்னது ஒன்றுதான் உருப்படியானது. கலர் எல்லாம் சாயங்கால வெளிச்சத்தில் உதவாது.

சத்தமே வராதாமே? படத்தில் காட்டுகிற மாதிரி?

படத்தில் காட்டுவது பொய். துப்பாக்கிச் சத்தம் இரண்டு வகை: பேரல் வாயில் காற்று வெடித்து வெளியேறும் சத்தம், குண்டு ஒலியைவிட வேகமாகப் போகும்போது வழியெல்லாம் வரும் சாட்டைச் சொடுக்குச் சத்தம். சைலன்சர் முதலாவதைத்தான் குறைக்கும். இரண்டாவது வராமல் இருக்க வேண்டுமானால் குண்டு ஒலியைவிட மெதுவாகப் போக வேண்டும்.

சாதாரண 5.56 குண்டு 55 கிரெயின், அதாவது 3.6 கிராம், நொடிக்கு 990 மீட்டர் வரை போகும். பிளாக்கவுட்டின் மெதுவான வகை 190 முதல் 220 கிரெயின், 220 என்றால் 14 கிராமுக்கு மேல், நொடிக்குச் சுமார் 310 மீட்டர். ஒலியின் வேகம் நம் சென்னை வெயிலில் நொடிக்கு 350 மீட்டர், உறையும் குளிரில் 331. இரண்டுக்கும் கீழே நிற்கிறது பாருங்கள், அதுதான் சூட்சுமம். அப்படியும் போல்ட் ஆடும் சத்தம் நன்றாகக் கேட்கும். அமெரிக்காவில் சைலன்சரை 1934-ஆம் வருஷச் சட்டப்படி பதிவு செய்துதான் வைத்திருக்க முடியும். நம் சட்டத்தில் சத்தத்தைக் குறைக்கும் கருவியே துப்பாக்கி என்ற விளக்கத்துக்குள் வந்துவிடுகிறது. லேத்தில் ஒரு குழாய் கடைந்து தாருங்கள் என்று கேட்டு யாரும் என் வாசலுக்கு வர வேண்டாம்.

எவ்வளவு தூரம் சுடலாம்?

மெதுவான வகையை 50 மீட்டருக்குக் குறி செட் செய்துவிட்டு 200 மீட்டரில் சுட்டால் குறிக்கு ஒரு மீட்டருக்கும் மேல் கீழே விழும். 110, 125 கிரெயின் வேகமான வகை நொடிக்கு 675 மீட்டர் வாக்கில் கிளம்பும், 200 மீட்டர் தாண்டியும் ஒழுங்காக நிற்கும். தூரத்துக்காகச் செய்த தோட்டா இல்லை இது. 500 மீட்டர் சுட ஆசைப்படுகிறவன் வேறு கூடு தேட வேண்டும்.

கிளப்பில் நாம் சுடும் .22 கூட்டை மறுபடி நிரப்ப முடியுமா?

முடியாது. அதில் தனிப் பிரைமர் இல்லை, வெடிக்கும் மருந்து விளிம்புக்குள்ளேயே தடவியிருக்கும், ஒரு தடவை ஊசி குத்தினால் விளிம்பு நசுங்கிவிடும். ஆனால் வேறு உபயோகம் கண்டுபிடித்தார்கள். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் குண்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஃபிரெட் ஹன்டிங்டன் என்பவர் 1943-இல் கலிபோர்னியாவில் சுட்டுப்போன .22 கூட்டையே ஈயத்தின் மேல் உறையாக அழுத்திக் குண்டு செய்யும் டையைத் தயாரித்தார். ஆர்சிபிஎஸ் என்ற இன்றைய பெரிய ரீலோடிங் கம்பெனி அதிலிருந்து வந்ததுதான்.

காசிமேட்டில் வலைக்குப் போடும் ஈயத்தை வாங்கிக் குண்டு வார்த்தால்?

வேண்டாம். குண்டு தோட்டாவின் பாகம். வலைக்கு ஈயம் வார்த்தால் தொழில், துப்பாக்கிக்கு வார்த்தால் கேஸ். அதோடு மூடிய அறையில் ஈயம் உருக்குவது எவ்வளவு கெடுதல் என்று அங்கே வார்க்கிறவர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

லைசென்ஸ் எடுத்து நம் ஊரிலேயே இதைச் செய்ய முடியாதா?

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப உரிமமே தேவையில்லை, விற்றால்தான் தேவை. நம் கதை வேறு. 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்றால் முழுத் தோட்டா மட்டும் இல்லை, அதன் பாகங்களும் அதைத் தயாரிக்கும் இயந்திரமும் சேர்த்துத்தான். உரிமம் இல்லாமல் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருஷம், ஆயுள் வரை போகலாம். மருந்துக்கு 1884-ஆம் வருஷ வெடிபொருள் சட்டம் தனி. இங்கே துப்பாக்கி உரிமம் வாங்கிய ஆளுக்கும் தோட்டா தயாரிக்கும் உரிமம் அதோடு சேர்ந்து வந்துவிடாது.

படை உபயோகிக்கும் அளவுகளைப் பொதுமக்கள் கையில் கொடுப்பதில்லை என்பது இங்கே வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். .303 கூடாது என்று வைத்ததால்தான் .315 என்ற ஒரு தனித் தோட்டா இந்தியாவில் நிலைத்தது. ஆஸ்திரியாவின் பழைய மான்லிக்கர் தோட்டாவின் வழி வந்தது அது. இஷாப்பூர் தொழிற்சாலை இன்னும் அந்த அளவில் ரைஃபிள் செய்கிறது. மாற்றுத் தோட்டா என்றால் அமெரிக்கனுக்குப் பொழுதுபோக்கு, நமக்குச் சட்டம் செய்து கொடுத்த வேலை.

காயலாங்கடையில் பித்தளையோடு தோட்டாக் கூடு வந்தால் என்ன செய்வது?

இதைக் கேட்டது ஒரு கடைக்காரர், உண்மையிலேயே அவருக்கு வந்திருந்தது. தொடாதீர்கள், உருக்காதீர்கள், சுத்தியலால் அடித்து நசுக்காதீர்கள். காலி என்று நினைத்தது காலியாக இல்லாமல் இருக்கலாம், பிரைமர் உயிரோடு இருக்கலாம். வேலை செய்கிற பையன்களைத் தள்ளி நிறுத்திவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். போன் செய்தால் நம்மையே பிடிப்பார்களோ என்று பயம் வரும், நியாயம்தான். வைத்திருந்து பிடிபடுவதைவிட நாமே சொல்வது எவ்வளவோ மேல், சொன்ன நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2004-இல் காஸியாபாத்தில் ஓர் உருக்காலையில் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்போடு போர்க் குண்டுகளும் கலந்து வந்து வெடித்து, வேலை செய்தவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் இறக்குமதிப் பழைய இரும்புக்குக் கப்பல் ஏறும் முன்னாலேயே சோதனைச் சான்று வேண்டும் என்று கெடுபிடி வந்தது. துறைமுகத்துக்கு இவ்வளவு கிட்டே தொழில் செய்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

அமெரிக்காவிலிருந்து வரும்போது ஒரு காலிக் கூட்டைச் சாவிக்கொத்து மாதிரி எடுத்துவரலாமா?

கூடாது. மீனம்பாக்கத்தில் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். பையில் தோட்டா கிடந்து வழக்கான எத்தனையோ பேர், தெரியாமல் இருந்தது என்று நிரூபித்து நீதிமன்றத்தில் வெளியே வந்திருக்கிறார்கள். வெளியே வருவதற்குள் பாஸ்போர்ட்டும் வேலையும் என்ன ஆகும் என்று யோசியுங்கள். என் சித்தி மகன் எனக்கு ஒன்று கொண்டுவருகிறேன் என்றான், சாக்லேட் போதும் என்று சொல்லிவிட்டேன்.

அப்போ எனக்குச் சுட ஆசையாக இருந்தால்?

ஏர் ரைஃபிளில் ஆரம்பியுங்கள். 2016 ஆயுத விதிகள்படி .177 அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை, வாங்கும்போது அடையாள அட்டையைக் கொடுத்தால் போதும். 10 மீட்டர் போட்டிக்கு அதே .177 தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதில்தான் ககன் நாரங் வெண்கலம் வாங்கினார், அவர் பிறந்தது சென்னையில். எழும்பூரில் சென்னை ரைஃபிள் கிளப் இருக்கிறது, பெரம்பூரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். .22 சுடுவது கிளப்பில் சேர்ந்து, பழகி, அவர்கள் கண் முன்னால். மாடியில் போர்டு மாட்டி காக்கா, புறா என்று சுட ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு அக்கா போலீசைக் கூப்பிடுவார், கூப்பிட வேண்டியதுதான்.

பித்தளை வேலைதான் ஆசை என்றால் பட்டறைக்கு வாருங்கள். 0.33 மி.மீ. சுவருக்குள் ஒரு குழாயைக் கடைந்து, வெர்னியரில் நாலு பக்கமும் ஒரே அளவு காட்ட வையுங்கள் பார்ப்போம். அதற்கு எந்த உரிமமும் வேண்டாம், துப்பாக்கியில் போகும் அளவிலும் வடிவத்திலும் இல்லாதவரை.

ஏர் ரைஃபிள் பெல்லட்டைப் பொறுக்கி மறுபடி சுடலாமா?

முடியாது, தகட்டில் மோதியதும் தட்டையாகிவிடும், வால் கிழிந்துவிடும், மறுபடி போட்டால் பேரலைக் கீறும். பெட்டியில் சேர்த்து வையுங்கள், ஈயம்தானே, எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டீக்கடைப் பக்கம் போகாதீர்கள்.